பட்டத்துக்குக் காத்திருந்த முள்ளம்பன்றி

மலையடிவாரத்தில் ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு மருதமரம். அந்த மரத்தின் வேருக்கடியில் வளை தோண்டி, கூரன் என்ற முள்ளம்பன்றியும் அதன் மனைவி செவந்தியும் குடியிருந்தன.

கூரனுக்குத் தோண்டத் தெரியும். நடத் தெரியாது. ஊரார் நிலத்துச் சர்க்கரைவள்ளியையும் மரவள்ளியையும் தின்றே வளர்ந்த உடம்பு அது. ஆனால் வாய் மட்டும் பெரிது. யார் எதைச் சொன்னாலும், அவர்கள் சொல்லி முடிப்பதற்குள், "தெரியும், தெரியும்!" என்று முந்திக்கொள்ளும். 'தெரியாது' என்ற சொல் கூரனின் வாயிலிருந்து வந்ததை அந்தக் காட்டில் யாரும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்த நிலத்துக்காரர் மின்வேலி போட்டார்.

"கூரண்ணே, கம்பியைத் தொடாதீங்க! சுர்ருனு இழுக்கும்!" என்று பெருச்சாளி எச்சரித்தது.

"தெரியும், தெரியும்!" என்று சொல்லிக்கொண்டே கூரன் கம்பியில் மூக்கை வைத்தது.

அவ்வளவுதான்! முள்ளெல்லாம் சிலிர்த்து நிற்க, நாலு கால் பாய்ச்சலில் வீடு வந்து சேர்ந்தது. அன்று முழுவதும் அதற்குப் பேச்சு குழறியது.

செவந்தி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. கணவனின் மூக்கில் பச்சிலை அரைத்துப் பூசிக்கொண்டே சொன்னது:

"ஏங்க, இனிமே அந்தப் பக்கம் போக வேணாம். ஐப்பசி மழை பிடிக்கும்போது புள்ளை பொறந்துடும். அடைமழையில நீங்க கம்பியைத் தொட்டு அங்கேயே விழுந்து கிடந்தா, நானும் புள்ளையும் மண்ணையா திங்கறது?"

"அப்போ என்னதான் செய்யறது?"

"வாசல்லயே தோட்டம் போடுவோம். புள்ளை கண்ணு முழிக்கும்போது வீட்டுல காய் இருக்கணும், கிழங்கு இருக்கணும். அது போதும் எனக்கு."

கூரன் நெஞ்சை நிமிர்த்தியது. "தோட்டம்தானே? எனக்குத் தெரியாத தோட்டமா! நீ உட்கார்ந்து பாரு!"

முள்ளம்பன்றி இருட்டில்தானே வெளியே வரும் என்று கேட்காதீர்கள். தோட்டம் போடுகிறவர்கள் வெயிலைப் பார்க்க வேண்டும். அதனால் இந்த இரண்டும் தூக்கத்தை விட்டுவிட்டுப் பகலிலேயே எழுந்துகொண்டன.

கூரன் எடுத்த எடுப்பில் மருதமரத்தடியில் தோண்ட ஆரம்பித்தது. "இங்கே மண்ணு மெத்துனு இருக்கு. வெண்டைக்குப் பாத்தி இதுதான்!"

"அங்கே நாள் பூரா நிழலுங்க. வெண்டைக்கு வெயில் வேணுமே. நிழல்ல வெச்சா வெறும் இலையா வளரும், காய் வராது."

"தெரியும், தெரியும். உனக்குத் தெரியுமான்னு பார்த்தேன்."

செவந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டது. அதன் பிறகு அது வளை வாசலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை நிழல் எங்கெங்கே நகர்கிறது என்று பார்த்தது. மறுநாள், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சரிவைப் பார்த்தது. பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்ல, கூரன் மண்ணில் கோடு கிழித்தது.

மேற்கு வெயில் சுள்ளென்று அடிக்கும் மூலையில், வெட்டி ஊன்றினால் துளிர்க்கும் முருங்கைப் போத்து. அது வளர்ந்தால் பிற்பகல் வெயிலைக் கொஞ்சம் தடுக்கும். குளம் நிறைந்தால் வழிந்தோடும் ஓடைப் பக்கம் வாழையும் சேம்பும். அவற்றுக்குக் காலடியில் ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். வாசலுக்கு எதிரே, தடையில்லாமல் வெயில் விழும் இடத்தில் பந்தல். அதில் புடலையும் அவரையும் ஏறட்டும். மருதமரத்து நிழல்?

"அதைச் சும்மா விட்டுடுவோமா?" என்று கேட்டது கூரன்.

"எதுக்குச் சும்மா விடணும்? மஞ்சளும் இஞ்சியும் நிழல்ல நல்லா வரும்."

"தெரியும், தெரியும்!"

பாத்திகளைக் குழியாக வெட்டாமல் மேடாகக் கட்டச் சொன்னது செவந்தி. இந்த ஊர் மழை கொட்டினால் கொட்டு என்று கொட்டும். குழியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். கூரன் மேடு கட்டியது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த வேலையில் கூரனை மிஞ்ச ஆளில்லை. அது கட்டிய பாத்திகளின் ஓரம் வெட்டி வைத்தது மாதிரி இருந்தது. வழியில் போன முயல்கூட நின்று பார்த்துவிட்டுப் போயிற்று.

செவந்தி தேக்கு இலையில் மடித்து வைத்திருந்த விதைப் பொட்டலங்களை எடுத்து வந்தது. புடலை, அவரை, பூசணி, வெண்டை, தண்டுக்கீரை. தின்ற காய்களில் முற்றியதை எல்லாம் வீணாக்காமல் காயவைத்துச் சேர்த்த விதை அது.

"இந்தாங்க. விதைக்கிறது உங்க பொறுப்பு. எனக்குக் குனிய முடியலை."

"நீ கவலையே படாதே! நாளைக்கே விதைச்சுடறேன்!"

அது ஆனி மாதம். வெயில் இன்னும் தணியவில்லை.

மறுநாள் கூரன் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு பாத்திக்கு வந்தபோது, குளத்திலிருந்து ஒரு தவளை எட்டிப் பார்த்தது. அதன் பெயர் பொன்னுத்தாயி. அதற்கு எப்போதும் ஆயிரம் வேலை. நின்று பேச நேரமே இருக்காது.

"என்னண்ணே, விதைக்கப் போறீங்களா?"

"ஆமா. இன்னைக்கே!"

"ஐயய்யோ! பட்டம் வரலையே அண்ணே! பட்டம் இல்லாம விதைச்சா விதைதான் வீணு. பட்டம் வரட்டும், அப்புறம் விதைங்க. சரிதானே?"

"தெரியும், தெரியும்!" என்றது கூரன்.

"உங்களுக்கா தெரியாது!" என்று சொல்லிவிட்டுப் பொன்னுத்தாயி தண்ணீரில் குதித்தது.

பயிர் வைக்கிறவர்களுக்குப் பட்டம் என்றால் விதைக்கிற பருவம். ஆடிப் பட்டம், தைப் பட்டம் என்று அவர்கள் சொல்வது அதைத்தான். தோண்டித் தின்றே பழகிய கூரனுக்கு அது எப்படித் தெரியும்? அதற்குத் தெரிந்த பட்டம் வேறு. மேடையில் மாலை போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பட்டம்!

'ஓகோ! தோட்டம் போடறதுக்குக்கூடப் பட்டம் வாங்கணும் போலிருக்கே!' என்று கூரன் திகைத்தது. ஓடிப்போய்ப் பொன்னுத்தாயியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால், 'தெரியும்' என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? கௌரவம் என்ன ஆவது?

வளைக்குத் திரும்பியதும் செவந்தி கேட்டது: "விதைக்கலையா?"

"இல்லை. பட்டம் வரட்டும்னு இருக்கேன்."

செவந்தியின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே! உங்களுக்கு இவ்வளவு விவரம் தெரியும்னு நான் நினைக்கவே இல்லை. அசதியில நானே சொல்ல மறந்துட்டேன். ஆமாங்க, பட்டம் வரட்டும். பட்டம் வந்ததும் தாமதிக்காம விதைச்சுடுங்க."

இரண்டும் ஒரே சொல்லைத்தான் சொல்லின. ஒன்று வானத்தைப் பார்த்துச் சொன்னது. மற்றொன்று மேடையை நினைத்துச் சொன்னது!

அந்தக் காட்டில் பட்டம் கொடுக்கும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது ஒரு மயில். பெயர் நீலபூபதி. காட்டுப்பன்றிக்குச் 'சேற்றுச் செம்மல்' என்று பட்டம் கொடுத்ததும் அதுதான். ஆந்தைக்கு 'விழித்திருக்கும் வேந்தர்' என்று கொடுத்ததும் அதுதான். பெரிய பாறைமேல் அது உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஓர் ஓணான், காரியதரிசி. ஓணானுக்கு வேலை தலையாட்டுவது. மயில் என்ன சொன்னாலும் ஆட்டும். சொல்லாவிட்டாலும் ஆட்டும்.

கூரன் பாறைக்கு முன்னால் போய் வணங்கி நின்றது.

"ஐயா, எனக்கு ஒரு பட்டம் வேணும்."

"எதற்கு?"

"விதைக்கிறதுக்குங்க. பட்டம் இல்லாம விதைச்சா வீணாப் போயிடுமாமே!"

நீலபூபதிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது! நல்லவேளை, நீளமான தொண்டை. பாதி வழியிலேயே விழுங்கிவிட்டது. கூரனின் கையில் இருந்த பொட்டலங்களை அதன் கண் அளவெடுத்தது.

"உண்மை, உண்மை! பட்டம் இல்லாமல் விதைக்கவே கூடாது. என்ன சொல்கிறீர், காரியதரிசி?"

ஓணான் தலையை ஆட்டியது.

"ஆனால் பட்டம் என்பது கேட்டவுடன் கொடுத்துவிடுகிற பொருள் அல்ல. முதலில் உம்முடைய விதையின் தரத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கீரை விதையை இப்படி வைத்துவிட்டுப் போம்."

கூரன் பயபக்தியோடு வைத்துவிட்டுப் போனது. அது முதுகைத் திருப்பியதும் மயில் தரம் பார்த்தது. தரம் நன்றாக இருந்தது! மிச்சத்தைப் பாறை இடுக்கில் பத்திரப்படுத்திக்கொண்டது. ஒரே நாளில் எல்லாவற்றையும் தின்றால் உடம்பு பருத்து, தோகையின் எடுப்பு கெட்டுவிடும் அல்லவா!

அடுத்த முறை வெண்டை விதை போயிற்று. அதற்கடுத்த முறை பூசணி விதை. ஒவ்வொரு முறையும் நீலபூபதி ஏதாவது ஒரு காரணம் சொல்லும். குழு கூட வேண்டும் என்றது. குழு என்றால் யார் என்று கூரன் கேட்டது. ஓணான் தலையாட்டியது.

ஆடி பிறந்தது. மேற்கு மலையிலிருந்து குளுகுளுவென்று காற்று இறங்கியது. சாரல் விழுந்தது. மண் ஈரமாகி வாசம் கிளப்பியது.

பொன்னுத்தாயி தினமும் குளத்தங்கரை முழுவதும் குதித்துக் குதித்துக் கத்தியது: "பட்டம் வந்தாச்சு! எல்லாரும் விதைங்க! பட்டம் வந்தாச்சு!"

பாறைக்கு நடையாய் நடந்துகொண்டிருந்த கூரனின் காதில் அது பத்து நாள் கழித்துத்தான் விழுந்தது. அதற்குத் தலைகால் புரியவில்லை. 'வந்துடுச்சா! தவளைக்குக்கூடச் சேதி தெரிஞ்சுபோச்சே!' என்று மிச்சம் இருந்த புடலை, அவரைப் பொட்டலங்களையும் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஓடியது.

"ஐயா! பட்டம் வந்தாச்சாமே!"

நீலபூபதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. குட்டு வெளிப்பட்டுவிட்டதோ? ஆனால் கூரன் கழுத்தை நீட்டிக்கொண்டு மாலைக்குக் காத்திருந்ததைப் பார்த்ததும் நிம்மதி வந்தது.

"ஆம், வந்துவிட்டது! இன்று முதல் நீர் 'பாத்திச் செம்மல்'!" என்று தோகையிலிருந்து உதிர்ந்து கிடந்த ஓர் இறகை எடுத்துக் கூரனின் முள்ளில் செருகியது.

"அப்போ விதைக்கலாமுங்களா?"

"அவசரப்படுகிறீரே! இது பாத்தி கட்டுவதற்கான பட்டம். பாத்தி கட்டலாம். விதைப்பதற்கு மேல்பட்டம் வேண்டும். 'தோட்டக்கலைச் சக்கரவர்த்தி' என்று ஒன்று இருக்கிறது. அதற்கு அவரையும் புடலையும் பரிசீலனைக்கு வர வேண்டும். இல்லையா, காரியதரிசி?"

ஓணான் ஆட்டியது. கூரன் வைத்துவிட்டு வந்தது.

வழியில் முயலின் தோட்டத்தில் காராமணி இரண்டு இலை விட்டு நின்றது. பெருச்சாளி வீட்டுப் பூசணி முளைத்து இலை விரித்திருந்தது. கூரன் அவற்றைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. 'பாவம், பட்டம் இல்லாதவங்க! எல்லாம் வீணாப் போகப்போகுது' என்று நினைத்துக்கொண்டு, இறகு ஆட ஆட வீட்டுக்கு வந்தது.

வாசலில் செவந்தி நின்றிருந்தது. அன்று அதற்கு உடம்பு கொஞ்சம் தேவலை என்று, எத்தனை முளை வந்திருக்கிறது என்று பார்க்க வெளியே வந்திருந்தது. பாத்திகளில் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. சாரலில் நனைந்து, வெட்டி வைத்த ஓரங்களோடு, அழகாக, வெறுமையாகக் கிடந்தன.

"ஏங்க, பட்டம் வந்து எத்தனை நாளாச்சு! ஏன் இன்னும் விதைக்கலை?"

"எத்தனை நாளா? இப்பத்தானே வந்துச்சு! அதுவும் சின்னப் பட்டம்தான். பெரிய பட்டம் இன்னும் வரலை."

"சின்னப் பட்டமா? ஆடிப் பட்டத்துல ஏதுங்க சின்னது, பெரிசு?"

"ஆடிப் பட்டமா? அப்படி ஒண்ணு இருக்கிறதா மயில் ஐயா சொல்லவே இல்லையே! எனக்குக் கொடுத்தது பாத்திச் செம்மல் பட்டம்." கூரன் திரும்பி இறகைக் காட்டியது.

செவந்தி இறகைப் பார்த்தது. கணவனைப் பார்த்தது. வெறும் பாத்தியைப் பார்த்தது.

"ஏங்க... பட்டம்னா என்னன்னு நினைச்சீங்க?"

கூரன் வாயைத் திறந்தது. 'தெரியும்' என்று வந்துவிட்டது பாதி. ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மீதி வரவில்லை.

"பட்டம்னா விதைக்கிற பருவமுங்க! காத்தும் மழையும் வெயிலும் ஒண்ணா கூடி வர்ற காலம்! அதை யாரும் கொடுக்க வேணாம். அதுவா வரும், அதுவா போகும்!" செவந்தியின் கண் பொட்டலங்களைத் தேடியது. "விதை எங்கே?"

"மயில் ஐயாகிட்ட... பரிசீலனையில இருக்கு."

செவந்தி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அது வயிற்றைத் தடவிக்கொண்டு, மெல்ல வளைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

கூரனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. ஐப்பசியில் பிள்ளை பிறக்கும். மழை கொட்டும். வாசலில் வெறும் மண் இருக்கும், அக்கரையில் கம்பி இருக்கும். கூரன் முள்ளிலிருந்த இறகைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தது. பிறகு நேராகக் குளத்துக்குப் போய், பொன்னுத்தாயியைக் கூப்பிட்டது.

"என்னண்ணே? சீக்கிரம் சொல்லுங்க, வேலை கிடக்கு!"

"பொன்னுத்தாயி... எனக்கு..."

"உங்களுக்கு?"

"எனக்கு... தெ... தெரியாது."

பொன்னுத்தாயிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. குதிக்கத் தூக்கிய காலை அப்படியே இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டது. "என்ன தெரியாது?"

"ஒண்ணுமே தெரியாது! பட்டம்னா என்னன்னு தெரியாது. தெரியாததைக் கேக்கவும் தெரியலை. விதையை எல்லாம் மயில்கிட்டக் கொடுத்து ஏமாந்துட்டேன். இனிமே என்ன செய்யறதுன்னும் தெரியாது. நீ சொல்லு!"

ஒரு தடவை வாயைத் திறந்ததும் 'தெரியாது' எவ்வளவு சுலபமாக வருகிறது என்று கூரனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அடக் கடவுளே! அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, குதிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போயிருப்பேனே அண்ணே!" என்றது பொன்னுத்தாயி. அதன் கண்ணும் கலங்கிவிட்டது. "சரி விடுங்க. ஆடி இன்னும் முடியலை. விதை கிடைச்சா இன்னைக்கே போடலாம். வாங்க, அந்த மயிலைப் பார்ப்போம்!"

பொன்னுத்தாயிக்குச் சேதி தெரிந்தால் குளத்துக்கே தெரிந்த மாதிரி. முயல் வந்தது, பெருச்சாளி வந்தது. எல்லாரும் சேர்ந்து பாறைக்குப் போனார்கள்.

அங்கே நீலபூபதி தலையைக் கையில் பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தது. ஏன் தெரியுமா? பாறை இடுக்கில் பத்திரமாக வைத்திருந்த விதையில் சாரல் இறங்கியிருந்தது. இடுக்கு நெடுக மண்ணும் மட்கிய சருகும் இருந்தன. போதாதா? பூசணி முளைத்திருந்தது. கீரை கொசகொசவென்று முளைத்திருந்தது. வெண்டை தலைதூக்கி இருந்தது. அன்று வந்த அவரையும் புடலையும்கூட ஈரத்தில் ஊறி உப்பிப்போயிருந்தன. தின்பதற்கு விதை தேடிய மயிலுக்கு முன்னால் ஒரு தோட்டமே நின்றது!

கூரன் அந்த முளைகளையே பார்த்தது. பிறகு கேட்டது:

"ஐயா, இந்த விதைக்கெல்லாம் யார் பட்டம் கொடுத்தாங்க?"

நீலபூபதி பேந்தப் பேந்த விழித்தது. "இது... இது நம்முடைய சொந்தச் சேமிப்பு! உமக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! எல்லாரும் கலைந்து போங்கள்!"

கூரன் அதனிடம் வாதாடவில்லை. ஓணான் பக்கம் திரும்பியது.

"காரியதரிசி ஐயா, இது நான் கொண்டுவந்து கொடுத்த விதைதானே?"

ஓணான் தலையை ஆட்டியது.

"காரியதரிசி!" என்று அலறியது மயில்.

"உங்க ஐயா என்னை ஏமாத்தித்தானே வாங்கினார்?"

ஓணான் இன்னும் வேகமாக ஆட்டியது. பாவம், அதற்கு வேறு எதுவும் பழக்கமில்லை.

"அப்போ நான் எடுத்துக்கிட்டுப் போகலாம்தானே?"

ஓணான் ஆட்டிய ஆட்டில் பாறையிலிருந்தே விழப் பார்த்தது! முயல் உருண்டு உருண்டு சிரித்தது. பெருச்சாளிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. நீலபூபதி தோகையைச் சுருட்டிக்கொண்டு, ஒரு கூச்சல் போட்டுவிட்டுப் பக்கத்து மரத்துக்குப் பறந்தது.

கூரன் தன்னுடைய முள் ஒன்றைப் பிடுங்கி, இடுக்கிலிருந்த மண்ணோடு ஒவ்வொரு நாற்றையும் நெம்பி எடுத்தது. "வேர் அறுந்துடாம எப்படி எடுக்கணும்?" என்று முயலைக் கேட்டது. "வெயில்ல வாடாம எப்படிக் கொண்டுபோறது?" என்று பெருச்சாளியைக் கேட்டது. சேம்பிலையில் வைத்து மூடி, ஈரம் காயாமல் கொண்டுபோகச் சொன்னது பெருச்சாளி. கூரனும் அப்படியே செய்தது.

வீட்டு வாசலில் பேச்சுக்குரல் கேட்டுச் செவந்தி வெளியே வந்தது. சேம்பிலைக்குள் பச்சைப் பசேலென்று நாற்றைப் பார்த்ததும் மெல்லக் கிட்டே வந்து ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தது.

"செவந்தி, இதை எப்படி நடறதுன்னு எனக்குத் தெரியாது. நீ உட்கார்ந்து சொல்லு. நான் நடறேன்" என்றது கூரன்.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அப்படி ஒரு பேச்சைச் செவந்தி கேட்டதே இல்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அது வாசலில் சாய்ந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கூரன் முள்ளால் குழி குத்தி நட்டது. உப்பிய விதைகளைப் பந்தலடியில் ஊன்றியது. முயல் சருகு கொண்டுவந்து பாத்தி முழுவதும் மூடாக்குப் போட்டது. பெருச்சாளி தன் வீட்டிலிருந்து சேம்புக் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கொடியும் கொடுத்தது. ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்த முருங்கைப் போத்து, வாழைக்கன்று, மஞ்சள், இஞ்சி எல்லாம் அததன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பொன்னுத்தாயிக்கு எங்கேயோ அவசர வேலை இருந்தது. இருந்தாலும் கடைசி நாற்று நடும்வரை அது போகவில்லை.

எல்லாம் பிழைத்தன என்று சொன்னால் அது பொய். பிடுங்கி நட்ட வெண்டையில் பாதி தலைசாய்ந்துவிட்டது. வாழை அந்த வருஷம் காய்க்கவில்லை, நட்ட சில மாதத்தில் அது காய்க்கவும் செய்யாது. ஆனால் கீரை ஆவணிக்குள் அறுப்புக்கு வந்தது. அவரை பந்தலை மூடியது. ஐப்பசி மழை கொட்டியபோது மேட்டுப் பாத்தியில் ஒரு சொட்டு நிற்கவில்லை. அந்த மழை இரைச்சலில் செவந்திக்குப் பெண் குட்டி பிறந்தது. வீட்டில் அவரை இருந்தது, பூசணி இருந்தது, மண்ணுக்கடியில் சர்க்கரைவள்ளி விரல் கனத்துக்கு இறங்கியிருந்தது. கூரன் அக்கரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீலபூபதி இன்னும் பட்டம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு கதை.

மழை விட்ட ஒரு காலையில், குட்டி பந்தலடியில் நின்று மேலே பார்த்தது. புடலைப் பூ ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, பூ ஏன் காயாகாம விழுது?"

கூரனும் மேலே பார்த்தது. வாய் ஒரு தடவை திறந்தது. மூடியது.

"எனக்குத் தெரியலையே கண்ணு. வா, பொன்னுத்தாயி அத்தையைக் கேட்டுட்டு வருவோம்!"

குட்டி குதித்துக்கொண்டு முன்னால் ஓட, கூரன் பின்னால் நடந்தது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கிறவர் ஒரு நிமிஷம்தான் வெட்கப்படுவார். தெரியும் என்று நடிக்கிறவரோ காலத்தையும் கைப்பொருளையும் சேர்த்து இழப்பார்.